மெஷினுக்கு ஏகாதசி இல்லை

சித்தப்பா அமெரிக்காவிலிருந்து வந்த மார்கழியில், இடுப்பில் ஒரு சிறு பிராணியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்றே நான் நம்பினேன். பாதிச் செங்கல் அளவில் தோலுறைக்குள் அது உறங்கும். அதிலிருந்து நூல்போல ஒரு குழாய் புறப்பட்டு, வேஷ்டிக்குள் நுழைந்து, வயிற்றில் ஒட்டியிருந்த ஊசியில் முடியும். பிற்பகலில் கூடத்தின் தரையில் அவர் அருகே படுத்துக் காதைத் தீட்டினால், சிறிது நேரத்துக்கு ஒருமுறை அது மெல்ல முனகுவது கேட்கும். கனவில் ஏதோ பேசுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அதன் பெயர் இன்சுலின் பம்ப் என்று சித்தப்பா சொன்னார். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் யாரும் அதற்குமுன் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. வீட்டில் அதற்கு மெஷின் என்றே பெயர் நிலைத்தது. பள்ளிப் பருவத்திலேயே சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டதாம். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுப்பதும், ஊசி போட்ட கையோடு அவரை உண்ணவைப்பதும் அப்பாவின் அக்காவான என் அத்தையின் பொறுப்பாக இருந்தன. வைகுண்ட ஏகாதசியன்று ஊரே பட்டினி கிடக்க, அவருக்கு மட்டும் அடுக்களை மூலையில் இலை விழும். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாராம். அந்தக் கதவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் சித்தப்பா சிரிக்கமாட்டார்.

அவ்வருடம் ஏகாதசிக்கு முந்தைய மாலை, தானும் உபவாசம் இருக்கப்போவதாக அவர் அறிவித்தார்.

"வேணாண்டா. விஷப்பரீட்சை" என்றாள் அத்தை.

"அக்கா, அந்த ஊசி வேற, இது வேற. அதைப் போட்டுண்டா சாப்பிட்டே ஆகணும். இதுல சாப்பிடும்போது பட்டனை அமுக்கினா போறும். சாப்பிடலேன்னா அமுக்க வேண்டாம். ஏகாதசிக்குன்னே பண்ணினாப்பல இருக்கு."

"வெள்ளைக்காரன் ஏகாதசியைக் கண்டானா? அமுக்காதப்போ அது சும்மா இருக்குமோ?"

"கொஞ்சம் கொஞ்சம் சொட்டிண்டிருக்கும். அதையும் குறைச்சு வெச்சுட்டேன். உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்."

"உன்னை வளர்த்தவளுக்கு வேற என்னடா வரும்?" என்றாள் அத்தை. ஆனால் அதற்குமேல் மறுக்கவில்லை. தம்பியின் முகத்தில் அவள் எதைக் கண்டாளோ, அறியேன்.

மறுநாள் பிற்பகல் நாங்கள் மூவரும் சொர்க்கவாசல் வரிசையில் நின்றோம். அத்தையின் கையில் துளசியும் கற்கண்டும் வைத்த சிறு தட்டு. தோல் கோயிலுக்கு ஆகாதென்பதால் உறையை வீட்டிலேயே விட்டுவிட்டு, மெஷினைத் துவைத்த துண்டில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார் சித்தப்பா. கூட்டம் ஓர் அடி நகரும். பிறகு நெடுநேரம் அப்படியே நிற்கும். திருமண்ணும் கற்பூரமும் ஈரத்துணியும் கலந்த மணம். வெயில் கோபுரத்தின் மேலடுக்கில் மட்டும் தங்கிவிட்டது. கீழே எல்லோரும் நீருக்கடியில் நிற்பவர்களைப்போல நிழலில் அசைந்துகொண்டிருந்தார்கள். ஆயிரங்கால் மண்டபத்தருகே மணல்வெளியை அடைந்தபோது, என் கையைப் பற்றியிருந்த சித்தப்பாவின் கை சில்லென்று நனைந்திருப்பதை உணர்ந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். மார்கழிக் காற்றில் அவருக்கு வியர்த்து வழிந்தது. கண்கள் எங்கோ தொலைவில் நிலைத்திருக்க, உதடுகள் நடுங்கின. அவர் அழகாகச் சிரித்தார்.

"கோபுரம் ரெண்டு" என்றார். பிறகு, "கதவு திறந்துடுத்து. எல்லாக் கதவும்" என்றார். கண்ணீர் வடிந்தது. நின்ற இடத்திலேயே அவர் ஆடத் தொடங்கினார்.

எங்களுக்குப் பின்னால் நின்று, சற்றுமுன் ஊர் விசாரித்திருந்த முதியவர் ஒருவர் கைகளைக் கூப்பிக்கொண்டார். "சீமையிலேர்ந்து வந்து நிக்கறார், என்ன பக்தி பாருங்கோ. ஆழ்வாராட்டம் உருகறார். இந்தப் பாக்யம் யாருக்குக் கிடைக்கும்?" சுற்றி நின்றவர்கள் அவருக்காக இடம்விட்டு விலகினார்கள். ஒரு பெண்மணி தன் குழந்தையின் தலையைச் சித்தப்பாவை நோக்கித் தாழ்த்தினாள். நானும் அவர் பார்த்த திசையில் கண்களை இடுக்கிப் பெருமாளைத் தேடினேன்; அவர் எனக்குத் தென்படாதது பொறாமையாக இருந்தது.

பாக்யம் என்ற சொல் காதில் விழுந்துதான் முன்னால் நின்ற அத்தை திரும்பினாள். தம்பியின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"இது பெருமாள் இல்லடி. சர்க்கரை இறங்கிடுத்து" என்றாள் என்னிடம்.

அவரை மணலில் உட்காரவைத்துத் தட்டிலிருந்து கற்கண்டை அள்ளினாள். சித்தப்பா பற்களைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். "ஏகாதசி" என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

பின்னால் நின்ற முதியவர் பதறினார். "அம்மா, பெருமாளுக்கு இன்னும் காட்டலையே. அதுவும் இன்னிக்கு..."

"பெருமாள் காத்துண்டிருப்பார். இவன் மாட்டான்."

கட்டிகள் பெரியவை, அரைமயக்கத்தில் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அத்தை அவற்றைத் தன் வாயில் போட்டு, நறநறவென்று கடித்துப் பொடியாக்கி, விரலால் வழித்துச் சித்தப்பாவின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே தேய்த்தாள். மீண்டும் கடித்தாள், மீண்டும் தேய்த்தாள். பட்டினி நாட்களில் எச்சிலைக்கூட எண்ணி விழுங்குகிறவள் என்று வீட்டில் கேலி செய்யப்படுகிற அத்தை, சொர்க்கவாசலுக்கு எதிரே, ஊர் பார்க்க, பெருமாளின் கற்கண்டை மென்றுகொண்டிருந்தாள்.

"இதை எப்படிடா நிறுத்தறது?" என்று துண்டைப் பிரித்து மெஷினை உலுக்கினாள். அவர் மெஷினைத் தாண்டிக் கோபுரத்தையே பார்த்தார். அவள் பட்டன்களைத் தொடவில்லை. குழாயை விரலால் பின்தொடர்ந்து போய், வயிற்றில் ஒட்டியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தாள்.

மெஷின் மணலில் கிடந்தது. அதன் பேட்டரி தீர்ந்தால் அலறும் என்றும், குழாய் அடைத்துக்கொண்டால் அலறும் என்றும் சித்தப்பா பெருமையாகச் சொல்லியிருந்தார். அதைச் சுமப்பவர் தீர்ந்துகொண்டிருந்தால் அதற்குத் தெரியாது போலும். ஒன்றுமே நடவாததுபோல அது ஒருமுறை முனகியது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊசிமுனையில் ஒரு துளி திரண்டு, நெடுநேரம் ஒளிர்ந்து, மணலில் இறங்கி மறைந்தது.

சற்றுப் பொறுத்துச் சித்தப்பா கண்களைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நாக்கால் கன்னத்தைத் தடவினார். இனிப்பை உணர்ந்ததும் அவர் முகம் மாறியது.

"கெடுத்துட்டியேக்கா" என்றார், மிகத் தாழ்ந்த குரலில்.

அத்தை அவர் நெற்றி வியர்வையைத் தன் புடவைத் தலைப்பால் ஒற்றினாள். "பெருமாள் என்ன சொன்னார் சித்தப்பா?" என்று நான் கேட்டேன்.

மறுநாள் துவாதசி. விடியலிலேயே அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சமைத்து இலை போட்டார்கள். முந்தைய நாள் பசித்திருந்தவர்கள் ஆவலோடு அமர்ந்தார்கள். சித்தப்பா தன் இலையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அத்தை எல்லோருக்கும் பரிமாறினாள். துளசித் தீர்த்தம் ஒரு வாய் உட்கொண்டாள். தனக்கென்று இலை போடவில்லை.

"ஏன், நீ உக்காரலையா?" என்றார் என் அப்பா.

"நேத்து அவனுக்குப் பாதியில போயிடுத்து. மீதியை நான் முடிச்சுடறேன்" என்றாள் அத்தை, நெய்க்கிண்ணத்தைத் தேடிக்கொண்டே.

சித்தப்பாவின் கை இலையின்மேல் அப்படியே நின்றது. அவருடைய தோள்கள் ஏன் குலுங்கின என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு வேறொரு கவலை. எங்கள் பள்ளியில் ஒருவர் விட்ட வீட்டுப்பாடத்தை இன்னொருவர் எழுதிக் கொடுத்தால், இருவரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்துவார்கள். பெருமாள் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று அன்று முழுவதும் அத்தைக்காகப் பயந்துகொண்டிருந்தேன்.