நுரை வராத கிணறு

தூத்துக்குடிக்குத் தெற்கே, ஆறு கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். நிலத்தடி நீர் உப்பாவதைப் பற்றி ஆறாம் வகுப்புக்கு நான் எத்தனை முறை நடத்தினாலும் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். எல்லாவற்றிலும் ஒரே அளவு சோப்புக் கரைசல், இருபது குலுக்கு. பிறகு ஸ்கேலை வைத்து நுரையை அளக்க வேண்டும். ஆற்றோரத்துத் தண்ணீரில் நுரை நாலு விரல் நின்றது. இறால் பண்ணையை ஒட்டிய தெருத் தண்ணீரில் நுரையே இல்லை. திரிந்த பால் மாதிரி என்னவோ மிதந்தது. நான் ஏன் என்று சொல்வதற்குள் பிள்ளைகளே ஊர்ப் படம் வரைந்து கிணறுகளைக் குறிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் உள்ளே வந்தார். இறால் பண்ணை அவருடையது. படத்தைப் பார்த்தார், கிழித்தார்.

"நொரைய அளக்கதுக்கா ஒங்களுக்குச் சம்பளம்? ஜூன்ல வேல வேணும்னா புத்தகத்த மட்டும் நடத்துங்க."

மூடிய புத்தகத்தைத் திறந்தேன். தற்காலிக ஆசிரியை, வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். ஆனால் உள்ளே பற்றி எரிந்தது. வேலை போனாலும் சரி, இதே பிள்ளைகள் முன்னால் இந்த ஆளைக் கூனிக் குறுக வைக்காமல் விடுவதில்லை என்று கருவிக்கொண்டேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

பிப்ரவரியில் அறிவியல் கண்காட்சி. திறந்து வைக்க அவரே வந்தார். எங்கள் மேசையில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு, அவ்வளவுதான். சுற்றிலும் பெற்றோர் கூட்டம். கை கழுவிப் பார்க்கச் சொல்லி ஒரு சிறுமி சோப்பை நீட்டினாள். சிரித்துக்கொண்டே வாங்கித் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். நுரை எழவில்லை, பிசுபிசுவென்று விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. நான் சொல்லிக்கொடுத்த விளக்கத்தை எல்லாம் விட்டுவிட்டு அவள் தன் போக்கில் சொன்னாள்:

"இது எங்க வீட்டுக் கெணத்துத் தண்ணி சார். நீங்க பண்ணைல உப்புத் தண்ணி கட்டின பொறவு இப்படி ஆயிட்டு. எங்க தம்பிய இதுலதான் குளிப்பாட்டுதோம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் நல்ல தண்ணீர் கேட்டார். மேசைக்கு அடியில் ஆற்றோரத்துக் கிணற்றுத் தண்ணீர் ஒரு குடம் இருந்தது. என் கால் அதில் இடித்துக்கொண்டுதான் இருந்தது.

"இங்கன இருக்கது இந்தத் தண்ணிதான் சார்," என்றேன்.

ஜூனில் வேலை போயிற்று. அந்தக் குடத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று இன்றுவரை ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.