எண்ணெய் டப்பாவுக்கு ஒரு சிவப்புப் பொட்டு

எங்கள் வீட்டில் சிவப்புப் பொட்டு இல்லாத திருகாணியே கிடையாது. மின்விசிறியின் கொக்கி, குக்கரின் கைப்பிடி, என் சைக்கிளின் இரண்டு சக்கரங்கள், பீரோவின் கீல் என்று எல்லாவற்றிலும் மிளகளவு பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருக்கும். அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் முடுக்கிய போல்ட்டுகளைச் சரிபார்த்து அவற்றின் தலையில் பொட்டு வைப்பது அவர் வேலை. "பொட்டு இருந்தா நான் பாத்துட்டேன்னு அர்த்தம். அதுக்கப்புறம் யாரும் கை வைக்கக் கூடாது" என்பார். அந்தப் பழக்கத்தையும் அரை டப்பா பெயிண்டையும் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டார். "நான் அசந்து தூங்கினா என் முட்டிக்கும் ஒண்ணு வெச்சிடுவாரு" என்று அம்மா சொல்வாள்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம் அக்கா கல்லூரிக்குப் போனாள். போன வேகத்தில் அங்கே குட்டி விமானம் செய்து பறக்கவிடும் குழுவில் சேர்ந்தாள். குழுவில் அவள் ஒருத்திதான் பெண். விமானம் என்றால், நான் இரண்டு கையையும் விரித்தால் வரும் அகலத்துக்கு லேசான மரத்தில் இறக்கை, மூக்கில் எலுமிச்சம்பழ அளவு எஞ்சின், அதற்குப் பின்னால் தகரத்தில் செய்த எண்ணெய் டப்பா. இறக்கையிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று சுற்றினால், அது நம்மைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஈதர் மூன்றும் கலந்ததுதான் அதற்கு உணவு. கலக்குகிற நாளில் வீடே ஆஸ்பத்திரி மாதிரி மணக்கும்.

சரியாக நான்காவது சுற்றில் எஞ்சின் கீச்சென்று குரலை உயர்த்தும். பிறகு நின்றுவிடும். கம்பி தொய்ந்து விமானம் மூக்குக் குத்தி விழும். ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராம் மைதானத்தில் தேர்வு. நிற்காமல் இருபது சுற்று பறந்தால் அக்கா பெங்களூர்ப் போட்டிக்குப் போகலாம். இல்லாவிட்டால் அவள் இடத்தில் ஒரு பையன் போவான். "மூணு ரவுண்டுக்கு மேல உங்களுக்குத் தலை சுத்துதாங்க மேடம்?" என்று பையன்கள் ஏற்கெனவே விசாரித்திருந்தார்கள்.

அப்பாவிடம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான். "அதிருது. அதான் நிக்குது" என்று, எண்ணெய் டப்பாவைப் பலகையோடு சேர்த்துப் பிடித்திருந்த தகரப் பட்டையை இன்னும் அரைத் திருகு முடுக்கினார். பொட்டு வைத்தார். அடுத்த முறை மூன்றாவது சுற்றிலேயே நின்றது. இன்னும் கால் திருகு முடுக்கினார். அக்கா எஞ்சினுக்குள் எண்ணெய் விடும் ஊசியைத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள், கடைசியில் அழுது பார்த்தாள்.

தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது வாலைப் பிடித்துக்கொள்வது நான். சும்மா பிடித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. டப்பாவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய குழாய் கண்ணாடி போல இருக்கும். அதில் எண்ணெய் மட்டும் போகவில்லை. இடையிடையே முத்து முத்தாகக் குமிழிகள் ஓடின.

"அக்கா, எண்ணெய் நுரைக்குது. சோடா மாதிரி."

"நீ வாலை ஒழுங்காப் பிடி."

சனிக்கிழமை காலை அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் பக்கத்திலேயே என் மோர் டம்ளர் கடகடவென்று ஆடி, விளிம்பெல்லாம் நுரை கட்டி நின்றது. "மிக்ஸிக்கு அடியில துணியப் போடுடி, பக்கத்து வீட்டம்மா சுவத்துல தட்றாங்க" என்றாள் அம்மா. துண்டை மடித்துப் போட்டேன். மிக்ஸி அதே கத்தல்தான் கத்தியது. ஆனால் டம்ளர் அசையவில்லை. நுரை ஒவ்வொன்றாக உடைந்து அடங்கியது.

மோரைக் குடிக்காமல் ஓடினேன். டப்பா இறுக்கமாக இருப்பதால்தான் எஞ்சினின் நடுக்கம் முழுக்க அதற்குள் போகிறது, அதை ஒரு மெத்தையில் படுக்கவைக்க வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் பார்வை பட்டையின் மேலிருந்த சிவப்புப் பொட்டுக்குப் போனது.

"அப்பா?"

"நாலு மணிக்குத்தான வருவாரு."

திருப்புளியை வைத்துத் திருகினேன். பொட்டு சடக்கென்று விரிசல் விட்டது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் ஒரு பொட்டை உடைத்ததில்லை.

மெத்தைக்கு, சிலேட்டு துடைக்கிற ஸ்பாஞ்சு வேண்டும். பின் வரிசை வீடுகளில் சிலேட்டுப் பிடிக்கிற வயதில் நாலு பிள்ளைகள் இருந்தார்கள்.

"இன்னாத்துக்குக்கா? நாளன்னிக்கி வாய்ப்பாடு எழுதணும்" என்றான் ஒருவன்.

"ஏரோப்ளேனுக்குடா."

"டூப்பு உடாத."

"நாளைக்கு மைதானத்துக்கு வந்து பாரு."

"அது பறக்கலன்னா புது ஸ்பாஞ்சு வாங்கிக் குடுக்கணும். இப்பவே சொல்லிக்கினேன்."

நாலு ஸ்பாஞ்சும் எச்சில் வாசனையோடு வந்தன. வெயிலில் காயவைத்து, எண்ணெய் ஊறாமல் பாலித்தீனில் சுற்றி, டப்பாவின் நாலு பக்கமும் கொடுத்தோம். ஸ்பாஞ்சு நசுங்காத அளவுக்கு மட்டும் பட்டையை மாட்டினோம். விரலால் தொட்டால் டப்பா ஆடியது. எஞ்சினை ஓட்டினோம். குழாயில் ஒரு குமிழி இல்லை. தேன் நிறத்தில் எண்ணெய் போய்க்கொண்டே இருந்தது. அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அவள் பாராட்டு அப்படித்தான் வரும்.

எஞ்சின் பயம் தீர்ந்தது, அப்பா பயம் பிடித்துக்கொண்டது. மைதானத்துக்கு அவர் சட்டைப் பையில் திருப்புளியோடு வந்திருந்தார். "ஒரு தடவை பாத்துடறேன்" என்று குனிந்தார். "நேரமாச்சுப்பா" என்று அக்கா விமானத்தை என் கையில் திணித்தாள். டப்பாவை உள்ளங்கையால் மூடிக்கொண்டே ஓடிப்போய் வட்டத்தில் வைத்தேன். எஞ்சின் பிடித்தது. விட்டேன்.

பின் வரிசைப் பிள்ளைகள் தங்கள் ஸ்பாஞ்சுக்காக உரக்க எண்ணினார்கள். நாலாவது சுற்றில் நான் மூச்சை அடக்கினேன். ஐந்து என்றார்கள். எட்டு என்றார்கள். பத்துக்கு மேல் கல்லூரிப் பையன்களும் சேர்ந்து எண்ணினார்கள். ஐஸ் வண்டிக்காரர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம், "கொசு மாரி கீது, இன்னா சவுண்டு உடுது பாரு மாமே" என்றார். இருபது தாண்டி இருபத்து மூன்றில் எண்ணெய் தீர்ந்தது. விமானம் பூனை மாதிரி புல்லில் இறங்கியது. அக்கா கம்பியை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். இப்போது உண்மையிலேயே அவளுக்குத் தலை சுற்றியிருந்தது.

அப்பாதான் முதலில் போய் விமானத்தை எடுத்தார். உடைந்த பொட்டைப் பார்த்தார். டப்பாவை விரலால் தொட்டார்.

"இது ஆடுதே."

"ஆடணும்ப்பா. இறுக்கினாத்தான் எண்ணெய் நுரைக்குது" என்றேன். அக்கா என் காலை மிதித்தாள். கொஞ்சம் தாமதமாக மிதித்துவிட்டாள்.

அப்பா இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார். குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். அதன் முனையால் முதுகைச் சொறிந்துவிட்டு மறுபடி பையில் வைத்துக்கொண்டார். "பசிக்குது. வாங்க" என்றார். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஆளுக்கு இரண்டு பரோட்டா வாங்கித் தந்தார். எந்தப் பரீட்சை முடிந்தும் நான் அவ்வளவு லேசாக வீட்டுக்கு நடந்ததில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பெங்களூருக்காக விமானத்தைப் பெட்டியில் வைக்கும்போது பார்த்தேன். தகரப் பட்டையின் திருகாணியில் புதுச் சிவப்புப் பொட்டு. மறுபடி முடுக்கிவிட்டாரோ என்று பதறி டப்பாவைத் தொட்டேன். ஆடியது, நாங்கள் விட்ட அதே அளவு. அப்பாவுக்கு வயதாகிறது, முடுக்க மறந்து பொட்டை மட்டும் வைத்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். ஊர்விட்டு ஊர் போகிற இடத்தில் யாராவது பார்த்தால் அவருக்கு அவமானம் அல்லவா. நகத்தால் சுரண்டி எடுத்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி பொட்டு இருந்தது. மறுபடி சுரண்டினேன். புதன்கிழமை அது இன்னும் ஈரமாக இருந்தது.

மூன்றாம் முறை நகத்தைக் கொண்டுபோனபோது அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். "விடுடி. அதான் அப்பா பாத்துட்டாரில்ல" என்றாள்.

பார்த்திருந்தால் முடுக்கியிருப்பாரே என்று, ரயில் கிளம்புகிறவரை நான் அவளோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.