தலையாட்டிய பிறகே கையெழுத்து

சிரஸ்தார் அப்பாசாமி காலமான செய்தி வந்தபோது நான் பாதி முகம் சவரம் செய்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: முதலில் வந்தது நிம்மதி. "அந்தக் கோவில்பதாகை ஊர்க் குடிசை உத்தரவை எடுத்துக்கிட்டு வா, படிக்கணும்" என்று மூன்று முறை ஆள் அனுப்பியிருந்தார். இனிக் காட்ட வேண்டாம். மீதி முகத்தையும் வழித்த பிறகுதான் அழுதேன்.

அவரிடம் பழகி, இன்று அவருக்காகக் கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். தாலுகா கச்சேரியில் மனு விசாரிக்கப் புதிதாக வரும் எங்களைப் போன்ற அரைவேக்காடுகளுக்கு நியாயம் பழக்கியவர், கச்சேரித் தலைமைக் குமாஸ்தாவான அவர். சர்க்கார் கொடுத்த வேலையல்ல, அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. என் முதல் விசாரணைக்கு, ஆவடி ஸ்டேஷனிலிருந்து மனுதாரரின் வில்வண்டியிலேயே போய் இறங்கினேன். அவர் வீட்டு மோர் வேறு குடித்திருந்தேன். சிரஸ்தார் என் மீசையைப் பார்த்தார்.

"சவாரி சொகமா இருந்துதாய்யா?"

"இருந்ததுங்க."

"எதிராளி நடந்து வந்திருக்கான். ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய் நடந்து வா. அப்புறம் விசாரிக்கலாம்."

புது பூட்ஸ், கடித்தது. ஊரே வேடிக்கை பார்க்க நொண்டிக்கொண்டே நீதி வழங்கினேன்.

அவர் அடிக்கடி சொன்னது இது: "தோக்கப்போறவன் கட்சியை அவன் எதிர்லயே நீ எடுத்துச் சொல்லு. இதுதான் நான் சொன்னதுன்னு அவன் தலையாட்டணும். அதுவரைக்கும் பேனாவைத் தொடாதே."

போன மாதம் கோவில்பதாகையில் முனியனுக்கும் அப்படித்தான் செய்தேன். வயல் கூலி. அவர் குடிசை நின்ற இடம் தன் பட்டா என்று நிலக்காரர் காகிதம் நீட்டினார். முனியனிடம் காகிதம் இல்லை.

"எங்க நைனா காலத்துலேர்ந்து அங்கதான் கீறோம் சாமி. கெணறு தோண்டுனதே எங்காளுங்கதான்."

என் மனமே கரையும்படி அவர் கட்சியை எடுத்துச் சொன்னேன். "இதுதானே நீ சொன்னது?"

"ஆமா சாமி." தலையாட்டினார். கையெழுத்துப் போட்டேன். மறுநாள் குடிசையைப் பிரித்தார்கள். குடும்பம் பாடிப் பக்கம் போனது என்கிறார்கள். அம்பத்தூர் என்றும் சொல்கிறார்கள்.

சட்டப்படி உத்தரவில் பழுதில்லை. ஆனால் சிரஸ்தார் படித்துவிட்டு ஒன்று கேட்டிருப்பார்: "இடத்தைப் போய்ப் பார்த்தியா? கெணறு இருந்துதா?" வெயிலாக இருந்தது. நான் போகவில்லை. இனி அதைக் கேட்கவும் ஆளில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வழக்கம் ஒன்றுதான். "இதுதானே நீ சொன்னது?" என்று கேட்காமல் நான் எந்த உத்தரவிலும் கையெழுத்திடுவதில்லை.

இத்தனை வருஷத்தில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் எதிரில் நின்றவர்களில் ஒருவர்கூட "இல்லை" என்று தலையாட்டியதில்லை.