மூன்று மாடிக் கிண்ணம்

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட் அண்ணன். அவரைவிட மூத்த வக்கீல்கூட "நாலு, அண்ணே" என்றுதான் ஏறுவார். பொத்தான் வைத்த லிஃப்ட் இல்லை அது. பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால் ஏறும், விட்டால் நிற்கும். யாராவது எண்ணைச் சொன்னால் அண்ணன் கையை விடுவார். சொல்லாவிட்டால் உச்சி மாடிதான். பேச்சும் அப்படியே. யாராவது நிறுத்தினால் உண்டு.

அவருடைய அக்கா, ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டிய தகரக் கொட்டகையில், கையில் காசில்லாதவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டுவந்தாள். உதவி செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை விரித்துவிட்டார்கள். இந்த மாதத்தோடு அடுப்பை அணைக்க வேண்டியதுதான் என்று தம்பியிடம் சொன்னபோது அவளுக்குக் குரல் உடைந்தது. அம்மா செத்தபோதுகூட உடையாத குரல்.

ஆறாவது மாடியில் ஒரு டீச்சர் மண்பாத்திர வகுப்பு நடத்திவந்தாள். நகக்கண்ணில் மண்ணோடு இறங்கிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அண்ணனுக்கு யோசனை பிறந்தது.

"கிண்ணம் செஞ்சு விப்போம்க்கா. வாங்குறவங்களுக்கு அதுலயே சூப் ஊத்திக் குடுப்போம்."

"ஒரு டம்ளர் கழுவியிருக்கியாடா நீ? கிண்ணம் செய்யப் போறானாம்!" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, சூப் தன் பொறுப்பு என்றும் சொன்னாள்.

டீச்சர் தங்கமானவள், சக்கரத்தை இனாமாகக் கொடுத்தாள். ஆனால் கிண்ணம் என்றால் மண் பக்கவாட்டில் விரிய வேண்டும். அண்ணன் வாழ்நாளில் பக்கவாட்டில் போனவரா? அவர் கை பட்டதும் மண் விறுவிறுவென்று மேலே ஏறியது.

"விரிங்கண்ணே! போதும்ணே! ஐயோ, நிறுத்துங்கண்ணே!"

காதில் விழவே இல்லை. கடைசியில் டீச்சர், "மூணு!" என்று கத்தினாள். கை சட்டென்று நின்றது. அதற்குள் கிண்ணம் முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. அடுத்ததும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு அத்தனையையும் சூளையில் அடுக்கினாள்.

சும்மா சொல்லக்கூடாது, விற்பனையில் அண்ணன் கில்லாடி. லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், யாரும் எண் சொல்லாமலே நின்றுபோகும். உள்ளே இருப்பவர் கிண்ணத்துக்கு முன்பணம் கொடுத்ததும் மறுபடி கிளம்பும். நியாயமா இது? இல்லைதான். பசிக்கு நியாயம் பார்த்தால் அக்கா அடுப்பு எரியுமா? பணத்தைக் கொடுத்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டே, பதிலுக்குக் கிடைத்த சீட்டைப் படித்தார்கள். 'கிண்ணம் நிறைய சூப்' என்று அண்ணன் கைப்பட எழுதியிருந்தது.

சூப் நாளன்று காலையில்தான் சூளை ஆறியது. கிண்ணங்கள் வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்த அக்காவுக்கு மூச்சே நின்றுவிட்டது.

"என்னடா இது, புகைபோக்கியா?"

"கிண்ணம்க்கா. கொஞ்சம் வளந்துருச்சு."

கொடுத்த காசுக்கு வசூலித்துவிடுவது என்று வந்தவர்கள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி! "நிறைய ஊத்துங்கம்மா" என்று பேங்க் மேனேஜர் முதலில் நின்றார். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் அக்காவுக்கு. தம்பியை முறைத்துக்கொண்டே ஊற்றினாள். ஊற்ற ஊற்ற உள்ளே போனது. கடைசிக் கிண்ணம் நிறைந்தபோது அண்டாவில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் தினமும் வருகிறவர்கள் தட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். தினமும் பார்க்கும் முகங்களை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காசு கொடுத்தவர்கள் கதையோ இன்னும் மோசம். கரண்டி அடிவரை எட்டவில்லை. நிறைந்ததைத் தூக்க ஒற்றை ஆளால் ஆகவில்லை. பல் டாக்டர் அடியில் கிடந்த உருளைக்கிழங்குக்கு ஆசைப்பட்டு, சூட்டையும் பார்க்காமல் கையை விட்டார். முழங்கை வரை போய் மாட்டிக்கொண்டது. உடைத்து எடுக்கலாம் என்றால், "உடைக்காதீங்க, காசு குடுத்து வாங்கினது!" என்று அலறினார்.

"ஏமாத்து வேலை! பணத்தைத் திருப்பிக் குடுங்க" என்று மேனேஜர் கத்தினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். போச்சு, அடுப்பும் போச்சு, மானமும் போச்சு என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது வரிசையில் நின்ற மூட்டை தூக்குகிறவர் மேனேஜர் பக்கத்தில் வந்து, தட்டைத் தரையில் வைத்துவிட்டு, தலைத்துண்டால் கிண்ணத்தின் அடியைப் பிடித்தார்.

"சார், மேல நீங்க புடிங்க. மெதுவா சாய்ங்க."

மேனேஜர் பேச்சை மறந்து சாய்த்தார். தட்டு நிறைந்தது.

"சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க சார்" என்று மூட்டை தூக்குகிறவர் தட்டை அவரிடமே நீட்டினார். மேனேஜர் தட்டைப் பார்த்தார், பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். "நீங்க முதல்ல சாப்பிடுங்க. தட்டு காலியானதும் எனக்குக் குடுங்க" என்றார்.

அவ்வளவுதான். கொட்டகை முழுக்க இரண்டிரண்டு பேராகச் சாய்க்க ஆரம்பித்தார்கள். வக்கீல் பிடிக்க, துப்புரவுக்காரம்மா அதட்டினாள்: "சிந்தாதீங்கய்யா, எத்தன பேரு நிக்கிறாங்க!" வக்கீல் சிந்தவில்லை. பல் டாக்டர் கையில் மாட்டியதைச் சாய்த்துக் காலி செய்து, அதைத் தொங்கவிட்டுக்கொண்டே, இன்னொரு கையால் தட்டுகளைக் கழுவ ஓடினார். பணத்தைப் பற்றி யாரும் மறுபடி வாயைத் திறக்கவில்லை.

எல்லோரும் போனபின் அண்ணன் காலிக் கிண்ணம் ஒன்றோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். சிறுவயதிலிருந்து அக்காவிடம் வசவைத் தவிர எதையும் வாங்கியறியாதவர். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தனக்கென்று எடுத்துவைத்த அரைத்தட்டு சூப்பை அவர் மடியில் வைத்தாள்.

"அடுப்பு எரியும்டா" என்றாள். குரல் மறுபடி உடைந்தது.

அண்ணன் காலிக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தார். "அடுத்த தடவ ஒழுங்கா, சின்னதா செய்யறேன்க்கா."

"செருப்பு பிஞ்சிரும்!" என்றாள் அக்கா. "டீச்சரம்மா மூணுன்னு கத்துனாலும் நிறுத்தாத. அடுத்த தடவ நாலு பேரு சேந்தாதான் சாயணும்."