கொலுப்படி செய்யக் கிளம்பிய கதை

துபாயில் குசைஸ் பகுதி ஃபிளாட்டுக்குக் குடிவந்த வருடம், என் மனைவி ஊரிலிருந்து முப்பது பொம்மைகளைப் புடவைகளில் சுற்றி சூட்கேஸில் கொண்டுவந்திருந்தாள். ஒன்றின் மூக்குகூட உடையவில்லை. இங்கே அவளுடைய முதல் கொலு. தெரிந்த குடும்பங்களையெல்லாம் சுண்டலுக்கு அழைத்தாயிற்று. படி மட்டும்தான் இல்லை.

"அஞ்சு படிதானே? நானே பண்றேன்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அல் கூஸில் ஒரு மரக்கடையில் பலகை வாங்கி, பட்டான் டிரைவர் ஒருவரின் பிக்கப் வண்டியில் ஏற்றிவந்தேன். ரம்பத்தைக் கையில் எடுத்த பிறகுதான் புத்தியில் உறைத்தது: பலகையை எதன் மேல் வைத்து அறுப்பது? சாப்பாட்டு மேஜையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். சரி, பால்கனியில் முதலில் ஒரு ஒர்க் பெஞ்ச் செய்துகொள்வோம் என்று முடிவெடுத்தேன்.

நான் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் கோணினாலும் எனக்குச் சோறு இறங்காது. முதல் வெள்ளிக்கிழமை விடுமுறை பெஞ்சின் கால்களிலேயே போயிற்று. அடுத்த வெள்ளி, ஆடாமலிருக்கக் குறுக்குக் கட்டைகள். அதற்கடுத்த வெள்ளி, மரத்தைக் கவ்விப் பிடிக்க இரும்பு வைஸ் ஒன்றை வாங்கி முன்விளிம்பில் போல்ட் போட்டு முடுக்கினேன். பிறகு உப்புத்தாளை எடுத்து மேல்பலகையைத் தேய்த்தேன், தேய்த்தேன், அப்படித் தேய்த்தேன். அடடா, என்ன பெஞ்ச்! நாளெல்லாம் தடவிக்கொண்டே இருக்கலாம்.

"நாளைக்குக் கொலு. படி எங்கே?" என்று வந்து நின்றாள்.

மரமெல்லாம் பெஞ்சாகியிருந்தது. மிச்சம் மூன்றே பலகைகள்.

"பொம்மைய உங்க தலை மேல அடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் காலை பெஞ்சை ஹாலுக்கு இழுத்து வந்தேன். அதன் மேல் சுவரோரமாக டிரில் மெஷின் பெட்டி, அது மேல்படி. பெஞ்ச் அடுத்த படி. முன்னால் இரண்டு டூல் பாக்ஸ் மேல் ஒரு பலகை, பெயின்ட் டின்கள் மேல் ஒரு பலகை, தரையில் ஒன்று. ஐந்து வந்துவிட்டது! என் வேட்டிகளை மேலே விரித்தேன். வைஸ் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அவள் வந்து பார்த்தாள். அந்த மேட்டின் மேல் முருகனை உட்கார வைத்தாள். அது மலையாகிவிட்டது.

மாலை வீடு நிறைந்தது. "படி ஆடவே இல்லையே, எங்கே வாங்கினீங்க?" என்றார் ஒரு அம்மா. அவருடைய கணவர் சிவில் இன்ஜினியர். வேலைப்பாட்டைப் பார்க்கிறேன் என்று குனிந்து, வேட்டியைத் தூக்கியே விட்டார். டூல் பாக்ஸ், பெயின்ட் டின், வைஸ் எல்லாம் பல்லை இளித்தன. சுண்டல் தட்டும் கையுமாக நான் செத்தேன்.

"ஆயுத பூஜை வருதில்லையா?" என்றாள் என் மனைவி, சட்டென்று. "அதான் இவரோட ஆயுதத்தையெல்லாம் முதல் நாளே அம்பாள் காலடியில வச்சுட்டோம். ஒன்பது நாளும் பூஜை."

"அட, நமக்குத் தோணலையே!" என்று இன்ஜினியர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றலாம் போலிருந்தது எனக்கு. அவள் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மரமாட்டம் நிக்கறீங்க? எல்லாருக்கும் சுண்டல் குடுங்க."

பேசிவிட்டாள்! ஓடி ஓடிக் கொடுத்தேன்.