கொடிக்கு விட்ட பாதை

ஞானதுரை திமிர் பிடித்தவன் என்று எங்கள் பெரிய தெருவில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவன் என் சித்தப்பா மகன். ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள். ஓடைப்பட்டிக்குப் போகிற வழியில் இருக்கிறது, அது போதும்.

அவனும் காலனியைச் சேர்ந்த கர்ணனும் ஒரே நாளில் பட்டாளத்துக்கு எடுபட்டார்கள். இருவரையும் கோவேறு கழுதைப் பிரிவில் போட்டார்கள். கார்கில் சண்டையில் ஞானதுரை துப்பாக்கியால் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. லாரி ஏறாத மலையில் கழுதை முதுகில் பீரங்கிக் குண்டும் அரிசியும் ஏற்றிப் போவதுதான் வேலை. இறங்கும்போது பிணங்களைக் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு நாள் பாதையில் குண்டு விழுந்தது. முன்னால் போன கர்ணனும் அவன் கழுதையும் அதே இடத்தில் செத்துப்போனார்கள். கர்ணனைத் தன் கழுதையில் கட்டி, தலை பாறையில் இடிக்காமல் கையில் தாங்கியபடி ஆறு மணி நேரம் நடந்து இறக்கியவன் ஞானதுரை.

கர்ணனின் சவப்பெட்டி ஊருக்கு வந்தபோது பட்டாளத்து அதிகாரிகளும் கூட வந்தார்கள். மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி பெரிய தெரு வழியாகவே போனது. நாங்கள் பூப் போட்டோம். குழியில் இறக்குவதற்கு முன் கொடியை எடுத்து மடித்து அவன் தாய் பவுனு கையில் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் தெருமுனையில் 'வீரர் கர்ணன் நினைவு வளைவு' எழும்பியது. அதைக் காட்டியே தெருவுக்கு சிமென்ட் ரோடும் வாங்கிக்கொண்டோம். ஆனால் காலனியில் யார் செத்தாலும் அந்த வளைவுக்குள் வரக்கூடாது. முள்ளும் சாக்கடையும் கிடக்கிற ஓடைப் பாதையில்தான் தூக்கிப் போக வேண்டும். எங்கள் தெருவில் மாதாவைக் கும்பிடுகிறவர்களும் உண்டு, மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

பதினேழு வருஷம் முடித்து வந்த ஞானதுரை திராட்சைத் தோட்டம் போட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே காலனிக்குப் போய் பவுனு வீட்டில் சாப்பிடுவான். தெரு கொதித்தது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றக் கூப்பிட்டால், "வளைவுக்குள்ள பவுனாத்தா பிணம் வருமா? சொல்லுங்க, வாரேன்" என்பான். அதைத்தான் திமிர் என்று சொன்னோம்.

போன மாசியில் பவுனு செத்தாள். ஞானதுரையும் காலனிக்காரர்களும் பாடையைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு வந்தார்கள். தெருவின் பெரிய மனிதர் சீனிச்சாமி நடு ரோட்டில் டிராக்டரை நிறுத்தியிருந்தார். சுற்றிலும் நாங்கள்.

"ஏலே ஞானதுரை, ஓடைப் பக்கம் போகச் சொல்லு."

"மகன் போன பாதையில ஆத்தா போகக் கூடாதா?"

"அன்னைக்கு விட்டது கொடிக்கு விட்ட பாதைலே. அவனுக்கு விட்டதுன்னு நெனச்சியா?"

என் காதால் கேட்டேன். இத்தனை வருஷம் நாங்கள் பூசி மெழுகியதை அந்த மனுஷன் போட்டு உடைத்துவிட்டார். ஞானதுரை பாடையை இறக்கச் சொன்னான். பவுனு வீட்டுக்கு ஓடினான். டிரங்குப் பெட்டியிலிருந்து கர்ணனின் கொடியைக் கொண்டுவந்து, உதறி, அந்தக் கிழவி மேல் கழுத்து முதல் கால் வரை போர்த்தினான்.

"இப்பக் கொடி போகுது. எவன் மறிப்பீக?"

சீனிச்சாமியின் முகம் செத்துப்போனது. அவர் டிராக்டரை எடுத்தார். பவுனு தன் மகன் பெயர் எழுதிய வளைவுக்குள் நுழைந்து, பெரிய தெருவின் முழு நீளமும் போனாள். ஒருவரும் பூப் போடவில்லை.

சாயங்காலமே தண்ணீர் டேங்கர் கொண்டுவந்து ரோட்டைக் கழுவினார்கள். மறுநாள் தேசியக் கொடியை அவமதித்தான் என்று ஞானதுரை மேல் புகார் தயாரானது. சீனிச்சாமி அதை என் வீட்டுக்கும் கொண்டுவந்தார். "சொந்தக்காரன்னு பார்த்தா, நாளைக்கு உங்க வீட்டுக் காரியத்துக்கு ஒரு பய வரமாட்டான்" என்றார். என் மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்திருந்தது. வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அழகான கையெழுத்து. போட்டேன்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டபோது ஞானதுரை என்னிடம்தான் வந்தான். "ஜாமீனுக்கு ஒரு ஆள் வேணும்ணே." என் பெயரை வாசிக்க மாட்டார்கள் என்று ஒரு நப்பாசை. கூடப் போனேன்.

"இப்படிப் போர்த்துறது குத்தம்னு பட்டாளத்துக்காரர் உங்களுக்குத் தெரியாதா?" என்று ரைட்டர் கேட்டார்.

"தெரியும் சார். அரசாங்க மரியாதைச் சாவுக்கும் பட்டாளத்துச் சாவுக்கும் மட்டுந்தான் போர்த்தலாம். தெரிஞ்சுதான் செஞ்சேன், எழுதிக்கங்க. கொடி இல்லாம வந்தப்ப டிராக்டரைக் குறுக்க விட்டு மறிச்சாகன்னு அதையும் எழுதுங்க."

ரைட்டர் புகாரில் இருந்த பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஞானதுரை தலையாட்டினான். எட்டாவதாக, "பெனடிக்ட், ஓய்வு பெற்ற ஆசிரியர்" என்றார்.

ஞானதுரை என் பக்கம் திரும்பவே இல்லை. ரைட்டரிடமே கேட்டான்:

"எங்க அண்ணனுமா போட்டிருக்காக?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் செல்போனை எடுத்துக் காலனிப் பாண்டீஸ்வரனைக் கூப்பிட்டான். "மாப்ள, ஸ்டேஷனுக்கு வா. ஜாமீனுக்கு ஆள் இல்ல" என்றான். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

வெளியே வந்து பஸ் ஏறினேன். பஸ் தெருவுக்குள்ளே என் வீடு வரை போகும். நான் வளைவுக்கு வெளியிலேயே இறங்கிக்கொண்டேன்.