பிஸ்கட் டின்னில் இருந்த ரத்தப் பட்டியல்

"அண்ணே, உங்க டின்னைத் தொறந்து பாத்தோம், ஒண்ணும் வெளங்கல. சீக்கிரம் வாங்கலா!"

எங்கள் மன்றச் செயலாளர் லெட்சுமி, நான் வேலை செய்த பாமாயில் மில்லுக்கே சைக்கிளில் வந்து கூப்பிட்டார். பக்கத்து ஊர் ஈஜோக்கில் பிரசவித்த ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டும். பிள்ளைகளே, பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம்.

1. என் டின்

எண்பதுகளில் எங்கள் ஊர் புக்கிட் ரோத்தானின் மன்றத்தில் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை நான்தான் வைத்திருந்தேன். ஆளுக்கு ஓர் அட்டை, எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள். ரத்த வகையை எழுத மாட்டேன், கலர் புள்ளி வைப்பேன். மூன்று புள்ளி வைத்தால் ஓ நெகட்டிவ். தேட வசதி என்று சொல்லிக்கொண்டேன். என்னை விட்டால் ஆளில்லை என்பதும் பிடித்திருந்தது.

2. சேகரனின் கம்ப்யூட்டர்

ராவாங் ஊர் ஃபேக்டரியில் கணக்கு எழுதும் கிராணி சேகரன், ஒரு பழைய கம்ப்யூட்டரை மன்றத்தில் கொண்டுவந்து வைத்தார். அவரே புரோகிராம் எழுதினார்.

"பட்டனைத் தட்டினா பேரு வரும்ணே. இன்னும் எதுக்கு டின்னு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மன்றத்தில் யாருக்கும் தெரியாமல் வீட்டில் அட்டைகளை எழுதிக்கொண்டே இருந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் கைவிடும் நாள் வராதா என்று காத்திருந்தேன்.

வந்தது. சேகரன் ஜொகூருக்கு மாற்றலாகிப் போன மறுமாதம்தான் அந்த ஈஜோக் அவசரம். டிஸ்க்கைப் போட்டால் திரையில் ஒரு புள்ளி மட்டும் நின்றது. அதற்குப் பிறகு என்ன தட்ட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்கு ஓடி டின்னை வாங்கியிருக்கிறார்கள். அதிலும் புள்ளிகள்.

ஒரு மணி நேரம் போய்விட்டது. நான் வந்து அட்டையை எடுத்தேன்: அசாம் ஜாவா என்ற ஊரின் முத்தையா, லோரி டிரைவர். அவர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் பாராட்டு கிடைக்கும் என்று மன்றத்துக்குப் போனேன்.

"சேகரன் ஒரு புள்ளி, நீங்க மூணு புள்ளி. அந்தப் பொண்ணு போயிருந்தா யாரு பதில் சொல்றதுண்ணே?" என்றார் லெட்சுமி.

3. தடித்த நோட்டு

தீபாவளிக்கு வந்த சேகரனும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். அவர் திரையைப் பார்த்துப் படித்தார், நான் அட்டையோடு சரிபார்த்து ஒரு தடித்த நோட்டில் எழுதினேன். பேர், வீடு, ரத்த வகை, எல்லாம் முழு எழுத்தில். கம்ப்யூட்டரில் என்ன தட்ட வேண்டும் என்பதைக் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதினார்.

பொதுவேலைக்கு எந்தக் கருவியை எடுத்தாலும், நீங்கள் இல்லாத அன்று அடுத்தவர் அதை ஓட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

லெட்சுமியின் பொறுப்பில் மன்றத்தில் இருந்த அந்த நோட்டை எல்லோரும் 'லெட்சுமி நோட்டு' என்றார்கள். அப்போதும் எனக்கு எரிந்தது. பிறகு ஒருநாள் மறுபடி ரத்தம் கேட்டு போன் வந்ததாம், ஐந்து நிமிஷத்தில் ஆள் கிடைத்துவிட்டதாம். எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். யாரும் என்னைத் தேடவே இல்லை.